நார்மல் ஆண் – 1

ஆட்டு விதை வாங்க வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்குள் கடையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஓட்டல்காரர்கள் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. வாரத்தில் இரண்டு நாள் நான் திருவொற்றியூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து, புளியந்தோப்புப் பக்கம் ஒரு கறிக்கடைக்குப் போவேன். கையில் ஐஸ் பெட்டி இருக்கும். மனசில் எங்கள் குப்பத்திலேயே எம்.எஸ்சி. படித்த ஒரே ஆள் என்கிற மிதப்பு இருக்கும்.

கடைக்கார பாய் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா சார், கல்யாணம் ஆயி நாலு வருசம் ஆவுதுன்ற. இன்னும் இத்தயே வாங்கிகினு கீற. வேல செய்யலியா?"

"ஆராய்ச்சிக்கு பாய்."

"அல்லாரும் அப்டித்தான் சொல்லிகினு வாங்கினு போறானுங்க."

கறி வாங்க நின்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆட்டு விதையை மிளகு போட்டு வறுத்துத் தின்றால் ஆண்மை கூடும் என்று எங்கள் பக்கம் நம்பாதவர்கள் குறைவு. அதைத் தின்னாமல் ஐஸில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒரே பைத்தியக்காரன் நான்தான்.

ஓடித்தான் ஆக வேண்டும். நான் வேலை பார்த்தது நகரத்தின் மறுகோடியில் ஓர் ஆய்வகத்தில். பாடப்புத்தகம் விந்தகம் என்று சொல்வதைத்தான் எங்கள் பக்கம் விதை என்பார்கள். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கும். ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. நாங்கள் துரத்திக்கொண்டிருந்த மரபணு, கிடாவின் கல்லீரலில் தூங்கும், இதயத்தில் தூங்கும், விந்தகத்தில் மட்டும் விழித்திருக்கும். விழித்திருக்கிறது என்று நிரூபிக்க, அது எழுதிப் போடுகிற ஆர்.என்.ஏ. என்ற நகலைப் பிடிக்க வேண்டும். ஆடு செத்த கொஞ்ச நேரத்தில் அந்த நகல் சிதையத் தொடங்கிவிடும். விரல் வியர்வை பட்டாலே போச்சு. அதனால் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து, கையுறை மாட்டிக்கொண்டு, விதையைக் கடுகு கடுகாக நறுக்கிக் குழாய்களில் போட்டு, ஐஸில் புதைத்து எடுத்துக்கொண்டு கிளம்புவேன். ஆடு, எருமை, எலி என்று மூன்றிலும் பார்த்தோம். மூன்றிலும் அந்த மரபணு ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. ஈயில்கூட அதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு என்று படித்திருந்தோம்.

எங்கள் பேராசிரியை அதிகம் பேசாதவர். ஒரு நாள் கரும்பலகையில் ஈ, எலி, ஆடு, எருமை, மனிதன் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் மரபணு எழுத்துகளைப் போட்டு, ஒரே போலிருப்பவற்றைக் கட்டம் கட்டிவிட்டுத் திரும்பினார்.

"இத்தனை கோடி வருஷமா இது ஏன் மாறலைன்னு நினைக்கிறீங்க? மாறாம இல்லை. நடுவுல எத்தனையோ பேருக்கு மாறியிருக்கும், தொலைஞ்சும் போயிருக்கும். அவங்களுக்குப் பிள்ளை பிறக்கலை. அதனால அவங்க இந்தப் பலகையில இல்லை. அவ்வளவுதான்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னேன். அவள் என் தாய்மாமன் மகள். எட்டாவது வரை படித்தவள். காசிமேட்டுப் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் தலை கிள்ளி ஓடு உரிக்கிற வேலை. நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். "ஆட்டுக்குக்கூட கீதா மாமா அது?" ஆட்டுக்குக்கூட இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன், என்னமோ நானே ஆட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததுபோல.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாலு வருடம் என்பது எங்கள் குப்பத்தில் சாதாரணமாக விடக்கூடிய கணக்கில்லை. என் அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவள். வாய்க்குக் கேட்க வேண்டுமா. "என் தம்பி பொண்ணாச்சேன்னு பாக்குறேன். இல்லாங்காட்டி எப்பவோ அவன் வூட்டுக்கு அனுப்பிச்சிருப்பேன்" என்று என் மனைவியின் காதில் விழும்படியே சொல்வாள். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு என் மனைவி ஆசையாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். வளையல் போடுகிற வரிசையில் இவள் முறை வந்தபோது, பெரியவள் ஒருத்தி தட்டை நைசாக அடுத்தவள் பக்கம் நகர்த்தி, "நீ அப்பால வந்து போடு கண்ணு" என்றாளாம். அந்த அப்பால வரவேயில்லை. சாப்பிடாமல் வந்து புடவையை மடித்து வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மீது கோபப்படுவது என்று தெரியாமல் சோறு குழைந்துவிட்டது என்று அவளையே திட்டினேன்.

அவள் போகாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே என்னைத்தான் கேட்டார்.

"நீங்க டெஸ்ட் பண்ணீங்களா?"

"எங்க லேப்லயே பார்த்துட்டேன் மேடம். நார்மல்."

நான் பார்க்கவேயில்லை. ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்துப் பாத்ரூமைக் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த டப்பாவோடு அவர்களைத் தாண்டி நடக்க வெட்கம். அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. இன்ன ஆராய்ச்சி பண்ணுகிறவன் என்று சொன்னதும் டாக்டரம்மாவுக்கு என் மீது மரியாதையே வந்துவிட்டது. கணவர் நார்மல் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஊசி, மாத்திரை, ஸ்கேன், கர்ப்பப்பை டியூபில் மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே, எல்லாம் அவளுக்கு. அந்த எக்ஸ்ரே அறையிலிருந்து அவள் கத்தியது வராந்தாவில் கேட்டது.

இதற்கிடையில் ஆய்வகத்தில் வேலையின் அடுத்த பாகம் தொடங்கியிருந்தது. மனிதனிலும் சில குரங்குகளிலும் மட்டும் அந்த மரபணுவின் கூடுதல் பிரதிகள், ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் போய் உட்கார்ந்திருக்கின்றன. சில ஆண்களுக்கு ஒய்யின் அந்தத் துண்டு மட்டும் பிறவியிலேயே உடைந்து காணாமல் போயிருக்கும். ஆள் பார்க்க நன்றாக இருப்பான், மீசை இருக்கும், வலை இழுப்பான், எல்லாம் சரியாக நடக்கும். விந்தணு மட்டும் இருக்காது, இருந்தாலும் ஒன்றிரண்டுதான். பிள்ளை இல்லாத ஆண்களின் ரத்தம் ஒரு கிளினிக்கிலிருந்து எங்களுக்கு வரும். அதிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, அந்தத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரியும். இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரியான ஆணின் டி.என்.ஏ. வேண்டும். பிள்ளை பெற்ற ஆணாக இருக்க வேண்டும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். எங்கள் அட்டெண்டர் அண்ணன் வியாசர்பாடிக்காரர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஊசியைக் கண்டால் மட்டும் மனுஷன் மாயமாகிவிடுவார். இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு, நான் என் கையிலேயே ரப்பர் குழாயைக் கட்டிக்கொண்டு என் ரத்தத்தை எடுத்தேன். ஆய்வகங்களில் இது சகஜம். பக்கத்தில் எந்தக் கை இருக்கிறதோ அந்தக் கைதான் நார்மல். பிள்ளை இன்றில்லாவிட்டால் நாளைக்குப் பிறக்கப் போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். குழாயில் 'நார்மல் ஆண் – 1' என்று எழுதி ஒட்டினேன். யாருடையது என்று பேராசிரியை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் ஜெல்லில் ஒப்பிடச் சேர்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. ஓடிய வரிசை வெறுமையாக இருந்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். நார்மல் ஆண் வரிசையும் வெறுமையாக இருந்தது.

அந்தத் துண்டைத் தேடிப் பிடிக்கிற பிரைமர் சரியில்லை என்றார் பேராசிரியை. தண்ணீரை மாற்றினேன், என்சைமை மாற்றினேன், கரண்ட் போய்ப் போய் வந்ததைக் குறை சொன்னேன், மெஷினைத் திட்டினேன். ஏழெட்டு முறை ஓட்டியிருப்பேன். நோயாளிகள் பலருக்குக் கோடு விழுந்தது, நார்மல் ஆணுக்கு விழவில்லை. அதே குழாயில் ஒய்யின் வேறொரு இடத்தைக் காட்டுகிற கோடு மட்டும் எனக்குப் பளிச்சென்று வந்தது. டி.என்.ஏ. கெடவில்லை, அந்தத் துண்டுதான் இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். மற்றவன் ஜெல்லாக இருந்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பேன்.

"ஒப்பிட வச்ச கண்ட்ரோல் கெட்டுப்போயிருக்கும். வேற ஆள்கிட்ட புதுசா எடுங்க" என்றார் பேராசிரியை.

அட்டெண்டர் அண்ணனைச் சாப்பாட்டு நேரத்தில் மடக்கிப் பிடித்து எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே கொடுத்தார். அன்றைக்கே யாருக்கும் சொல்லாமல் என் ரத்தத்தையும் புதிதாக எடுத்தேன். மறுநாள் மத்தியானம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஓட்டி, இருட்டறையில் விளக்குக் கண்ணாடி மீது ஜெல்லை வைத்துப் பார்த்தேன். அவருக்குக் கோடு கொழுகொழுவென்று விழுந்திருந்தது. எனக்கு ஒன்றுமில்லை.

அண்ணன் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "சார், என்னுது நல்லா கீதா?"

"நல்லா இருக்குண்ணே."

"ரெண்டாவது யாருது? ஒண்ணுமே காணோமே. பாவம்."

ஒரு நோயாளியுடையது என்று சொன்னேன். அந்த இருட்டறையில் நின்றுகொண்டு நான் நினைத்தது என் மனைவியை அல்ல. பஸ் ஸ்டாப்பிலும் குப்பத்திலும் இருக்கிற ஆண்கள் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கறிக்கடையில் சிரித்தவர்களை நினைத்தேன். பயந்துபோனேன். பழைய கண்ட்ரோல் கெட்டுத்தான் போயிருந்தது மேடம் என்று பேராசிரியையிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். என் குழாய்கள் இரண்டையும் குப்பையில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்கள். தொப்புளருகே துளை போட்டு, குழலை உள்ளே விட்டு, கர்ப்பப்பையையும் டியூபையும் நேராகப் பார்ப்பது. ஜெல் பார்த்த அன்று அதற்கு ஒன்பது நாள் இருந்தது. மூன்றாம் நாள் லீவு போட்டு, தெரிந்தவர் யாரும் வராத தாம்பரத்துக்கு ரயிலேறிப் போய், அங்கே ஒரு லேபில் அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். விந்தணு இல்லை என்று ரிசல்ட் வந்தது. பிளாட்பாரத்திலேயே கிழித்துப் போட்டேன். இனி சந்தேகத்தின் மீது பழிபோட எனக்கு வழியில்லை.

மீதி ஆறு நாளும் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அம்மா வீட்டில் இருந்தாள் என்பேன், அவள் களைத்து வந்தாள் என்பேன். எல்லாம் சால்ஜாப்பு. அவளோ சந்தோஷமாக இருந்தாள். "அடைப்பு இருந்தா அப்பவே எடுத்துடுவாங்களாம் மாமா. கம்பெனில ஒரு அக்காவுக்கு அப்டி எடுத்துத்தான் தங்கிச்சாம்" என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பையை முன்கூட்டியே அடுக்கி வைத்தாள். ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் ஒரு தாளை நீட்டினார். கணவர் கையெழுத்து என்ற இடத்தில், எம்.எஸ்சி. என்று படிப்பையும் சேர்த்துப் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தக் கையை நான் வெட்டிப் போட்டிருக்க வேண்டும்.

"எல்லாமே நல்லா இருக்கு. ஏன் நிக்கலைன்னுதான் எங்களுக்குப் புரியலை" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் தையல் போட்ட இடத்தில் சீழ் கட்டியது. காய்ச்சல் அனலாக அடித்தது. மறுபடி பிரித்து, கழுவி, தினமும் துணி வைத்துக் கட்டினார்கள். கட்டும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு மாதம் ஐஸ் தண்ணீர் வேலைக்குப் போகவில்லை. கம்பெனியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். காயம் ஆறிய பிறகும் குடத்தைத் தூக்கினால் அந்த இடம் புடைத்துக்கொண்டு வந்தது.

அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "அல்லாம் நல்லா கீதுன்றாங்க. ஆனா ஒண்ணும் நடக்கல. இவளுக்கு அந்த ராசி இல்ல நைனா" என்று என்னிடம் ஆரம்பித்து, நேராகத் தன் தம்பி வீட்டுக்கே போய், அவர் இரண்டாவது மகளை எனக்குக் கேட்டுவிட்டு வந்துவிட்டாள். என் மனைவியின் தங்கை. பத்தொன்பது வயது. எங்கள் பக்கம் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள்.

என் மனைவியே வந்து என்னிடம் பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடல் உள்ளே வராமல் இருக்கக் கொட்டியிருந்த கருங்கற்கள் மீது உட்கார்ந்திருந்தோம். மணலிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வந்த காற்றில் தொண்டை கரகரத்தது.

"தங்கச்சியக் கட்டிக்கோ மாமா. நானே சொல்றேன். எவளோ ஒருத்தி வந்து என்னை அடிச்சித் தொரத்தறதுக்கு அவளே வரட்டும். அவ புள்ளைய நானும் தூக்கிக்குவேன்."

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொரு பெண்ணையும் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைப்பேன் என்று தெரிந்தது. சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். குறை என்னிடம்தான், பிறவியிலேயே ஒரு துண்டு இல்லை, எந்த வைத்தியமும் அதைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது, உன்மீது ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஆட்டுக்குக்கூட கீதுன்னு சொன்னியே. அதுவா?"

"அதுதான்."

அடுத்து அழுவாள், அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுமில்லை. வயிற்றின் மீது, புடவைக்கு மேலாகவே, அந்தத் தழும்பு இருக்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும் மாமா? எனுக்கு ஆபரேசன் பண்றதுக்கு மின்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி" என்றேன். யோசிக்கவே இல்லை. அந்தச் சொல் எனக்கு முன்பே வாயில் தயாராக இருந்தது.

அப்போதுதான் அவள் அழுதாள். எனக்காக அழுதாள். "அப்ப நீ இன்னா பண்ணுவ, உனக்கே தெரியாதே. நீ தனியா இத்தினி நாளு இத்த வச்சிகினு இருந்தியா" என்று என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் சாய்ந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே அவள் என் அம்மாவிடம் போய், தங்கச்சியைக் கொடுக்க எனக்கு மனசில்லை அத்தை என்று சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மலடி, தானும் பெறாமல் அடுத்தவளையும் பெற விடாத பாவி என்று குப்பமே பேசியது. அவள் அப்பாகூட ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவள் ஒருவரிடமும் என் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தினமும் வேலைக்குப் போனேன், விதை வாங்கினேன். எங்கள் கட்டுரை அச்சில் வந்தபோது, அட்டெண்டர் அண்ணனின் கோடுதான் அதில் நார்மல் ஆண் என்று நின்றது.

அம்மா கடைசிவரை அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், கடைசிவரை அவளைத்தான் திட்டினாள். தங்கைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். அந்தத் தங்கையின் வளைகாப்பில், யாரும் தட்டை நகர்த்துவதற்கு முன்பே, இவள் தானாக எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள். அந்தக் கூடத்தில் என்னைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றினார்கள்.

இப்போது நான் எழுதுகிறவன் என்று கொஞ்சம் பேர் சொல்கிறார்கள். அச்சில் வருகிற எதையும் அவள் விடமாட்டாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு, வாய்விட்டு மெதுவாகப் படிப்பாள். புரியாத இடத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். இதையும் அப்படித்தான் படிப்பாள். இந்த இடத்தில் கூப்பிட்டுக் கேட்க ஒன்றுமிருக்காது.

முன்னாடிதான். ஒன்பது நாள் முன்னாடியே எனக்குத் தெரியும்.